ஐந்து கொப்பிகளும் ஒரு மீன்கடைக் கடிதமும்

நான் ஒரு நாளும் சீனாவுக்குப் போனதில்லை. செங்டு எந்தப் பக்கம், ஹார்பின் எந்தப் பக்கம் எண்டு வரைபடத்தில கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவன். எந்த ஊரில எந்த மாசம் குளிரும், எந்தப் பள்ளிக்கூடத்தில மத்தியானம் ஆசிரியரையும் நித்திரை கொள்ள விடுவினம், எல்லாம் தெரியும். ஆனா கால் வைச்சதில்லை. பதினெட்டு வருசம் ஹாமர்ஸ்மித்தில ஒரு மருந்துக்கடைக்கு மேல ரெண்டாம் மாடியில இருந்துகொண்டு, இங்கிலிஸ் படிப்பிக்கப் போற ஆக்களை அந்த நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன். போன வருசம்தான் ரிட்டயர் ஆனன்.

இதை எழுத வைச்சது எங்கட கந்தோரில புதுசாச் சேர்ந்த சங்கீதா. மலேசியாத் தமிழ்ப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. போன மாசம் ஹவுன்ஸ்லோவில என்ர வீட்டுக்குச் சாப்பிட வந்தவ. கையில கோப்பையை வைச்சுக்கொண்டு, "ஆன்ட்டி, இப்போ டிகிரிக்கு இங்கேயே ஒரு ஸ்டாம்ப் அடிச்சா சீனாவில ஒத்துக்கிறாங்க. மத்ததெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துடுது. நீங்க அப்போ நாள் முழுக்க என்னதான் செஞ்சீங்க?" எண்டு கேட்டா.

எனக்குச் சுர்ரெண்டு வந்திட்டுது. என்ன செய்தனாங்களோ? இரும் பிள்ளை, சொல்லுறன்.

நான் யாழ்ப்பாணத்தில இங்கிலிஸ் ரீச்சரா இருந்தனான். லண்டனுக்கு அகதியா வந்து, வேலை செய்ய அனுமதி கிடைச்ச பிறகு விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிற இடத்தில நிண்டன். கரண்டி, கத்தி, பட்டர், பன். முதுகு போச்சு. பேந்து ஒரு நாள் பேப்பரில விளம்பரம் பார்த்து, சீனாவுக்கு ஆசிரியர் அனுப்புற கந்தோருக்குப் பத்திரம் பார்க்கிற வேலைக்கு எழுதிப் போட்டன். பயிற்சி எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. ரெண்டு கிழமை மிஸ் லின்னுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்ததுதான்.

மிஸ் லின் எங்கட முதலாளி. என்ர வயசுதான் இருக்கும். மெல்லிய மனுசி, நரைச்ச தலைமயிரை காதுக்கு மேல வெட்டியிருப்பா. எப்பவும் பக்கத்தில ஒரு சுடுதண்ணிப் போத்தல், தேயிலைகூடப் போட மாட்டா. மேசையில ஒரு நேரத்தில ஒரு ஃபைல்தான் இருக்கும். கையில சிவப்புப் பென்சில். சந்தேகம் வந்தா அந்தப் பத்திரத்தின்ர ஓரத்தில சின்னனா ஒரு புள்ளி வைப்பா. அந்தப் புள்ளியைக் கண்டா நாங்கள் அந்தப் பத்திரத்தை முதலில இருந்து திருப்பிப் பார்ப்பம்.

அவா பத்திரத்தைக் கீழ இருந்துதான் வாசிப்பா. முதல் முத்திரை, பிறகு கையெழுத்து, பிறகு திகதி, கடைசியிலதான் மேல என்ன எழுதியிருக்கு எண்டு பார்ப்பா. ஏன் எண்டு ஒருக்கா கேட்டன். "பொய் எழுதுற ஆக்கள் மேல வடிவா எழுதுவினம், மிசிஸ் சிவா. கீழ வரேக்க களைச்சுப் போவினம்" எண்டா. சத்தியமான வார்த்தை. நான் இப்பவும் கரண்ட் பில்லைக்கூட அப்பிடித்தான் வாசிக்கிறன்.

இன்னொண்டு, அவாவின்ர வாயில 'இல்லை' எண்டு வராது. "அது கொஞ்சம் வசதிப்படாது போல" எண்டா, முடிஞ்சுது கதை. கந்தோரில இருந்த வெள்ளைக்காரப் பிள்ளையள் அதை விளங்காமல் திருப்பித் திருப்பிப் போய்க் கேட்பினம். எனக்கு முதல் நாளே விளங்கிட்டுது. எங்கட ஆக்கள் "பாப்பம்" எண்டு சொல்லுறேல்லையோ, அதேதான்!

வேலை எப்பிடி எண்டா, ஒரு ஆளுக்கு ஒரு ஃபைல். பட்டத்தின்ர மூலப்பிரதியை யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்க்க வேணும். பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் எடுத்துக் கேட்க வேணும். பிறகு சட்டத்தரணியின்ர கையெழுத்து, இங்கிலாந்துக்காரரின்ர முத்திரை, அதுக்கு மேல சீனாக்காரரின்ர முத்திரை. பொலிஸ் அறிக்கை ஆறு மாசத்துக்கு மேல செல்லாது. அதை அவசரப்பட்டு முதல் எடுத்தா, பட்டத்தின்ர முத்திரை வந்து சேர முன்னம் அது பழசாப் போயிடும். எத்தினை பேர் இதில விழுந்து எழும்பியிருக்கினம். நான் ஒவ்வொரு ஆளுக்கும் நாட்காட்டியில கடைசி நாளில இருந்து பின்னுக்கு எண்ணி வருவன். வாற ஒவ்வொரு கடிதத்தையும் எழுதினவருக்கு நானே ஃபோன் எடுத்துக் கேட்ட பிறகுதான் அந்தக் கடிதத்துக்கு நம்பர் போட்டு என்ர கையெழுத்தை வைப்பன். நம்பர் போட்டால்தான் அது ஃபைலில சேர்ந்த மாதிரி. சேர்ந்த பிறகு பொய் எண்டு தெரிய வந்தா, அந்த ஆளின்ர ஃபைல் மூடப்படும், திருப்பித் திறக்கிறேல்லை. இது மிஸ் லின்னின்ர சட்டம்.

எங்களிட்ட வந்த ஆக்கள் எல்லாரும் "ஒரு வருசம்தான் போறன்" எண்டுதான் சொல்லுவினம். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு ரெண்டாம் மாசமே தெரிஞ்சிடும் ஆர் திரும்பி வருவினம், ஆர் வரமாட்டினம் எண்டு. சுடுதண்ணிக் கேத்தில் எங்க வாங்கிறது எண்டு மெயில் போட்டா அவை திரும்பி வருவினம். நாய்க்கு ஊசி எங்க போடுறது எண்டு கேட்டா, அவ்வளவுதான், அந்த ஆள் அங்கதான். ஸ்ட்ரெதமில பஸ் ஓட்டின ஒரு மனுசன், பட்டம் எடுத்தும் ஒரு நாளும் அதால ஒரு வேலை கிடைக்காதவர், ஹார்பினுக்குப் போனவர். ஒன்பது வருசமாச்சு. இப்ப அங்க வீடு, மனுசி, ரெண்டு நாய். கிறிஸ்மசுக்கு எனக்கு இப்பவும் படம் அனுப்புவார். பனிக்குள்ள நிண்டு சிரிப்பார். அந்த ஃபைலுக்கு நம்பர் போட்டது நான் எண்டு நினைக்க எனக்குப் பெருமைதான். ஏன் மறைப்பான்?

ஆனா நான் சொல்ல வந்தது குகன்ர கதை.

குகன் எங்கட ஊர்ப்பக்கத்து ஆள், நாப்பத்தொரு வயசு. பதின்மூண்டு வயசில லண்டன் வந்தவர். இங்கதான் படிச்சுப் பட்டம் எடுத்தவர், பிரிட்டிஷ் பாஸ்போட். ஹீத்ரோவில பெட்டி ஏத்துற இடத்தில மேற்பார்வை வேலை, பின்னேர ஷிப்ட். இங்க படிக்க வந்த சீனப் பிள்ளை ஒண்டைக் கலியாணம் செய்தவர், பேர் மெய். மெய்யின்ர தாய் பாரிசவாதம் வந்து படுக்கையில விழ, வயித்தில பிள்ளையோட மெய் செங்டுவுக்குப் போக வேண்டி வந்திட்டுது. மகள் அங்கதான் பிறந்தாள். தாயை விட்டிட்டு மெய் இங்க வரேலாது. குகன் மனுசிக்காரியோட சேர்ந்து இருக்கிற விசாவில போகலாம், ஆனா அந்த விசாவில அங்க உழைக்கேலாது. அங்க போய்க் குடும்பமா இருக்க வேணுமெண்டா அவருக்கு இருந்த ஒரே வழி இங்கிலிஸ் படிப்பிக்கிற வேலை.

என்னட்ட வரேக்க மகளுக்கு ரெண்டரை வயசு. அவள் எட்டு மாசக் குழந்தையா இருக்கேக்க ஒருக்கா, ரெண்டே ரெண்டு கிழமை தூக்கி வைச்சிருந்தவராம். மற்றதெல்லாம் ஃபோனிலதான்.

செங்டுவில ரெண்டு பள்ளிக்கூடம் அவற்ற படிப்பைப் பார்த்து ஓம் எண்டிச்சினம். பிறகு படம் அனுப்பச் சொல்லிக் கேட்டிச்சினம். நாங்கள் அனுப்பினம். சத்தத்தையே காணேல்லை. அவைக்கு வேண்டியது இங்கிலிஸ் இல்லை, வெள்ளை முகம். எனக்கு வந்த கோபத்துக்கு நான் எழுதின மெயிலை மிஸ் லின் அனுப்ப விடேல்லை. தானே ரெண்டு வரி எழுதினா: இனி உங்களுக்கு ஆக்கள் அனுப்புறது எங்களுக்குக் கொஞ்சம் வசதிப்படாது போல. நான் அதைப் படிச்சிட்டுக் கை தட்டினன்.

மூண்டாவது பள்ளிக்கூடம் படத்தையும் பார்த்து, அவரோட கம்ப்யூட்டரில கதைச்சும் பார்த்து, வரச் சொல்லிச்சுது. ஆனா ஒண்டு, ரெண்டு வருசம் படிப்பிச்ச அனுபவத்துக்குக் கடிதம் வேணும். செப்டெம்பருக்கு முன்னம் வேணும்.

குகன் ஒரு கிழமையில கடிதம் கொண்டு வந்தார். ஸ்ட்ரெதமில ஒரு ரியூஷன் சென்ரர், திங்கள் தொடக்கம் வெள்ளி வரைக்கும், பின்னேரம் நாலில இருந்து ஏழு, ரெண்டு வருசம். நல்ல தாள், வடிவான தலைப்பு. நான் கீழ இருந்து வாசிச்சன். கையெழுத்து ஒரு கோடுதான். திகதியைக் காணேல்லை. அவற்ற சம்பளத் துண்டை எடுத்துப் பார்த்தன். இதே ரெண்டு வருசமும் ஹீத்ரோவில பின்னேர ஷிப்ட், ரெண்டு மணியில இருந்து பத்து.

கடிதத்தில இருந்த நம்பருக்கு எடுத்தன். உடன ஒரு குரல்: "ஓம் சொல்லுங்கோ, விளைமீன் இப்பத்தான் வந்தது, ரெண்டு மணிக்கு முன்னம் வந்தா வெட்டித் தருவம்."

சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியேல்லை. எங்கட ஆக்கள் ஆராவது கடிதம் கேட்டா இல்லையெண்டு சொல்லத் தெரியாத ஆக்கள். 'பாவம், பிள்ளையைப் பார்க்கப் போகப் போறான், ஒரு தாள்தானே' எண்டு மீன் வெட்டுற கையால எழுதிக் குடுத்திட்டார் குகன்ர மீன்கடைச் சிநேகிதர். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு இவரின்ர ஃபைலை நிரந்தரமா மூடியிருக்கும்.

நான் நம்பர் போடேல்லை. குகனைக் கூப்பிட்டு, கேத்தில் வைச்சிருக்கிற சின்ன அறைக்குள்ள இருத்திக் கடிதத்தை அவற்ற மடியில போட்டன்.

"தம்பி, விளைமீன் வந்திட்டுதாம்."

முகம் செத்துப் போச்சு. பிறகு கோபம் வந்தது. "அக்கா, எல்லாரும் செய்யிறதுதானே. நீங்கள் கண்ணை மூடினா என்ர பிள்ளையோட நான் இருப்பன். நீங்கள் என்ன நல்ல பேப்பரிலயோ இந்த நாட்டுக்கு வந்தனீங்கள்?"

கன்னத்தில அடிச்ச மாதிரி இருந்தது. ஏனெண்டா அவர் சொன்னது உண்மை.

"இல்லைத் தம்பி," எண்டன். "ஏஜென்ட் தந்த கள்ளப் பாஸ்போட்டில, வேறொருத்தியின்ர பேரில வந்தனான். ஹீத்ரோவில இறங்கின உடன உண்மைப் பேரைச் சொன்னன். நடந்தது எல்லாத்தையும் உண்மையாச் சொன்னன். ஒரு பொய்ப் பேப்பர் காட்டின ஆள் எண்டு அதுக்குப் பிறகு நான் சொன்ன ஒண்டையும் நம்பேல்லை. ஆறு வருசம் இழுத்தது. மகளை மூண்டு வயசில தகப்பனோட கொழும்பில விட்டிட்டு வந்தனான். திருப்பிக் காணேக்க அவளுக்கு ஒன்பது வயசு. ஹீத்ரோவில கையைக் குடுத்து 'ஹலோ அன்ரி' எண்டாள். என்னை அம்மா எண்டு கூப்பிட எட்டு மாசம் எடுத்தது. எனக்கு வேற வழி இருக்கேல்லை, உயிர் தப்ப வந்தனான். உமக்கு வழி இருக்கு. இந்தத் தாள் செங்டுவில ஒரு நாள் பிடிபட்டா, உம்மைத் திருப்பி அனுப்புவினம். பிறகு உம்மட மகள் உம்மைக் கண்ணாலயும் காணமாட்டாள்."

இதை நான் கந்தோரில அதுக்கு முன்னம் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மனுசன் குனிஞ்சிருந்து அழுதார். நானும்தான் அழுதன், பொய் சொல்லுவானேன்.

முகத்தைத் துடைச்சிட்டுக் கேட்டன், "ஒரு நாளும் ஒருத்தருக்கும் படிப்பிச்சதே இல்லையோ?"

"இல்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமையில கோயில் மண்டபத்தில அம்மாமாருக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுக்கிறனான். டொக்டரோட கதைக்க, சிட்டிசன்ஷிப் சோதினைக்கு. அது வேலை இல்லைத்தானே. தொண்டு."

"எவ்வளவு காலமா?"

"நாலு வருசம் இருக்கும்."

"விசரோ உமக்கு!" எண்டு நான் போட்ட சத்தத்தில வெளியில இருந்த ஆக்கள் எட்டிப் பார்த்திச்சினம்.

பாருங்கோ, இதுதான் எங்கட ஆக்களின்ர பிழை. கோயிலில செய்தது எண்டா அதை வாயால சொல்லக்கூடாது. சொன்னா புண்ணியம் போயிடும் எண்டு நினைப்பு. நாலு வருசம் உண்மையாப் படிப்பிச்ச மனுசன், அதை மறைச்சிட்டு, படிப்பிக்காத இடத்துக்குக் கள்ளக் கடிதம் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் அனுப்பின தாளை எடுத்து மூண்டு தரம் வாசிச்சன். ரெண்டு வருசம் படிப்பிச்ச அனுபவம் எண்டுதான் கிடந்தது. சம்பளத்துக்கு எண்டு ஒரு இடத்திலயும் இல்லை.

மிஸ் லின்னிட்டப் போய் ஒண்டையும் ஒளிக்காமல் சொன்னன். கள்ளக் கடிதம் ஒண்டு வந்தது, திருப்பிக் குடுத்திட்டன் எண்டன்.

"நம்பர் போட்டனீங்களோ?"

"இல்லை."

சுடுதண்ணியை ஒரு வாய் குடிச்சா. "அப்ப நான் அதைக் காணேல்லை. ஆனா கோயில் எண்டு சொன்னாப் போதாது. எனக்குக் காட்ட வேணும்."

அடுத்த கிழமை ஐஞ்சு அம்மாமார் ஹவுன்ஸ்லோவில இருந்து பிக்கடில்லி ரெயினில வந்து இறங்கிச்சினம். சீலையும், அதுக்கு மேல கோட்டும், காலில சப்பாத்தும். குகன் நாலு வருசமாப் படிப்பிக்கிறார் எண்டு ஒரு கடிதமும், மண்டபத்தைப் பதியிற டயறியும் கோயில் காரியதரிசி குடுத்து விட்டிருந்தார். ஒவ்வொருத்தரின்ர கையிலயும் குகன் சொல்லிக் குடுத்ததை எழுதின ஒரு தடிச்ச கொப்பி. பரமேஸ்வரியக்கா, எழுவது வயசு, அவதான் தலைவி. ஏறி வந்த களைப்புக்கு நான் தேத்தண்ணி குடுக்க, "முதல் அலுவலைப் பாப்பம் பிள்ளை" எண்டா.

மிஸ் லின் கொப்பியைத் திறந்தா. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு புதுப் பக்கம். ஒவ்வொரு பக்கத்தின்ர தலைப்பிலயும் பிள்ளையார் சுழி, வலது மூலையில திகதி. எங்கட ஊரில படிச்ச ஆக்களுக்கு இது கையோட வந்த பழக்கம், சுழியும் திகதியும் போடாமல் பேனை ஓடாது.

"இது என்ன முத்திரை?" எண்டு சுழியைத் தொட்டுக் கேட்டா.

"தொடங்கிற காரியம் தடையில்லாமல் முடிய வேணும் எண்டு கடவுளுக்குப் போடுறது."

"எல்லாப் பக்கத்திலயுமோ?"

"எல்லாப் பக்கத்திலயும்."

பென்சிலை எடுத்துக்கொண்டு இருந்தா. ஐஞ்சு கொப்பியின்ர திகதியளையும் ஒண்டோட ஒண்டு ஒத்துப் பார்த்து, பிறகு மண்டபத்து டயறியோட ஒத்துப் பார்த்தா. மூண்டு மணித்தியாலம். அம்மாமார் கொண்டு வந்த வடையை நாங்கள் சாப்பிட்டு முடிச்சிட்டம். நான் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். நாலு வருசத்தில ஒரு ஞாயிறு மட்டும் ஒத்து வரேல்லை, டயறியில மண்டபம் பதிஞ்சு கிடக்கு, கொப்பியில பாடத்தைக் காணேல்லை. பென்சில் கீழ இறங்கிச்சுது. அண்டைக்குத் தேர்த்திருவிழா எண்டு பரமேஸ்வரியக்கா தன்ர கொப்பியில எழுதியிருந்ததைக் காட்டினா. பென்சில் மேல போச்சு. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

பிறகு மிஸ் லின் கதிரையைத் திருப்பி, பரமேஸ்வரியக்காவைப் பார்த்து இங்கிலிசில கேட்டா: "நான் டொக்டரின்ர ரிசெப்ஷனிஸ்ட். வியாழக்கிழமைதான் இடம் இருக்கு. வாறீங்களோ?"

நாங்கள் ஒருத்தரும் எதிர்பார்க்கேல்லை. அம்மாமாரோட வந்த குகன் கதவடியில நிண்டு வெளிறிப் போனார். பரமேஸ்வரியக்கா கொப்பியை மூடி மடியில வைச்சா. அழகான இங்கிலிசில, ஆறுதலா, ஒரு சொல்லும் தட்டாமல் சொன்னா: "நன்றி. வியாழக்கிழமை சரிவராது. எனக்கு நோகிறது இண்டைக்குத்தான். டொக்டரை என்னோட ஃபோனில கதைக்கச் சொல்லுங்கோ. நான் இங்கயே இருக்கிறன்."

மிஸ் லின் சிரிச்சதை நான் அண்டைக்குத்தான் முதன்முதலாக் கண்டன். "இவரை அனுப்புவம்" எண்டா. நான் காரியதரிசிக்கு ஃபோன் எடுத்துக் கேட்டிட்டு, கோயில் கடிதத்துக்கு நம்பர் பதினொண்டு போட்டு, கையெழுத்து வைச்சன். என்ர வாழ்க்கையில அவ்வளவு வடிவா நான் ஒரு நாளும் கையெழுத்து வைச்சதில்லை.

செப்டெம்பருக்கு நாலு நாள் இருக்கக் குகன் விமானம் ஏறினார். அடுத்த நாள் எனக்கு ஃபோன். குரல் உடைஞ்சு கிடந்தது. "அக்கா, விமானநிலையத்தில மெய்யின்ர காலுக்குப் பின்னால ஒளிச்சிட்டாள். பிறகு எட்டிப் பார்த்து 'ஷூஷூ' எண்டாள். அங்கிள் எண்டுற மாதிரி, இங்க தெரியாத ஆம்பிளையளை அப்பிடித்தான் கூப்பிடுவினம். ஃபோனில இருக்கிறவர்தான் அவளுக்குப் பாபா, அதுதான் அப்பா. இப்பவும் மெய்யின்ர ஃபோனை எடுத்து வைச்சுக்கொண்டு பாபா எங்க எண்டு தேடுறாள்."

நான் சத்தமாச் சொன்னன், "அழாதையும். நல்ல பேப்பரில போன ஆள் நீர். ஒருத்தரும் உம்மைத் திருப்பி அனுப்ப மாட்டினம். ஆறுதலா இரும். அவளுக்கு எவ்வளவு நாள் வேணுமோ அவ்வளவு நாளும் உம்மட கையில இருக்கு."

பிறகு ஒரு செய்தியும் இல்லை. நான் ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு இருந்தன். பதினொராம் நாள் விடிய, வேலைக்குப் போக ரெயினுக்கு நிக்கேக்க ஒரு குரல் மெசேஜ் வந்தது. நாலு செக்கன். சின்னப் பிள்ளையின்ர குரல், சீனத்தில. முதல் சொல் மட்டும் எனக்கு விளங்கிச்சுது, பாபா. மற்றது விளங்கேல்லை. ஓடிப்போய் மிஸ் லின்னிட்டக் குடுத்தன். காதில வைச்சுக் கேட்டா. திருப்பியும் ஒருக்கா கேட்டா.

"பாபா, எனக்குச் சப்பாத்துப் போட்டு விடு, எண்டு சொல்லுது" எண்டா. பிறகு என்னைப் பார்க்காமல் சுடுதண்ணிப் போத்தலைத் திறந்துகொண்டு நிண்டா.

என்ர மகள் எட்டு மாசம் எடுத்தவள். குகன்ர மகள் பதினொரு நாள். நாள் முழுக்க என்னதான் செய்தனீங்கள் எண்டு கேட்டீர் சங்கீதா. இதைத்தான் பிள்ளை செய்தனான்.